வரைவு எழுதும் மேசை யாருடையது?

சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் போன வாரம் கேட்டார்: "தோழர், சட்டச் சீர்திருத்தத்துக்கான ஆலோசகர் வேலை ஒண்ணு வந்திருக்கு. விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். ஆனா நம்ம தோழர்களே 'அரசுக்கு விலை போறியா'ன்னு கேக்குறாங்க. போகலாமா?"

போங்கள். ஏன் என்று எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை ஒரு தலித் மீதோ பழங்குடி மீதோ செய்தால் ஆயுள் தண்டனை என்று அதன் ஐந்தாம் உட்பிரிவு சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை: பாதிக்கப்பட்டவர் அந்தச் சாதியைச் சேர்ந்தவர் 'என்ற காரணத்தால்' குற்றம் நடந்திருக்க வேண்டும்.

இந்த ஒரு சொற்றொடர் போதுமானதாக இருந்தது. "கொலை உண்மைதான், வல்லுறவு உண்மைதான், ஆனால் சாதிதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை" என்று தீர்ப்புகள் வந்தன. கயர்லாஞ்சியில் 2006இல் ஒரு தலித் குடும்பத்தில் நால்வரைக் கொன்றார்கள். வழக்கில் வன்கொடுமைச் சட்டம் நிற்கவில்லை. ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண் ஒருவர் வல்லுறவுக்கு உள்ளானார். 2021இல் உச்ச நீதிமன்றம் சாதி, பாலினம், உடல் குறைபாடு மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படி நசுக்குகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை ரத்து செய்தது. காரணம், குற்றம் நடந்தபோது சட்டத்தில் இருந்தது அந்தப் பழைய சொற்றொடர்.

2015 திருத்தம் அதை மாற்றியது. 'என்ற காரணத்தால்' போய், 'என்று அறிந்தே' வந்தது. குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ தெரிந்திருந்தால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஊரில் யார் எந்தத் தெரு என்று தெரியாதவன் எவன் இருக்கிறான்? ஊரை அறிந்தவர்கள் சொல்லித்தான் அந்த விதி வந்தது.

இந்த மாற்றம் தானாக வரவில்லை. நாடெங்கும் தலித், பழங்குடி அமைப்புகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, வழக்குகளைத் தொகுத்து, எந்தச் சொல் குற்றவாளியைத் தப்பவிட்டது என்று பார்த்து, மாற்றுச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டு போராடின. அவர்களுக்கு வழிகாட்டியவர் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பி.எஸ். கிருஷ்ணன். 1989 சட்டம் உருவானதிலும் அவர் பங்கு உண்டு. அவர் தலித் அல்லர். அவரைப் போன்றவர்கள் அபூர்வம். அபூர்வங்களுக்காகக் காத்திருந்து ஒரு சமூகம் தனக்கான சட்டத்தை எழுதிக்கொள்ள முடியாது.

நாம் இல்லாத மேசையில் என்ன நடக்கும்? மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தைப் பாருங்கள். அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் அள்ளினால் அவர் 'மலம் அள்ளும் தொழிலாளி' ஆகமாட்டார் என்று ஒரு விளக்கக் குறிப்பு. கையுறை கொடுத்தால் கணக்கிலிருந்தே ஆள் காணாமல் போவார். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் நம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்க, மலம் அள்ளியதால் சாவே இல்லை, அவை 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்ததால்' நேர்ந்த சாவுகள் என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்கிறார்கள்.

குற்றவியல் சட்டங்களைச் சீர்திருத்த 2020இல் ஒன்றிய அரசு அமைத்த ஐந்து பேர் குழுவில் எல்லோரும் ஆண்கள். கேட்டால் 'நிபுணர்கள்' என்பார்கள். ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பேச மூன்று நிமிடம். "உங்கள் வலியைச் சொல்லுங்கள், வரைவை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். நம்மிடம் கண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு பேனாவைத் தங்களிடம் வைத்துக்கொள்வது, இரட்டைக் குவளையின் படித்த வடிவம்.

இப்போது தமிழ்நாட்டிலேயே ஒரு மேசை போடப்பட்டிருக்கிறது. ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று 2025 அக்டோபரில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இதற்கு முன் 2012இல் இந்தியச் சட்ட ஆணையம் தந்த வரைவு, திருமணத்தைத் தடுக்கக் கூடும் சாதிப் பஞ்சாயத்துகளைக் குறிவைத்தது. வட இந்தியக் காப் பஞ்சாயத்தைக் கண் முன் வைத்து எழுதியது அது. இங்கே அரிவாளை எடுப்பது பெரும்பாலும் அப்பனும் அண்ணனும் மாமனும். தலித் இளைஞனைக் காதலித்த இடைநிலைச் சாதிப் பெண்ணை அவள் வீட்டாரே கொன்றால், அவள் சாவுக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. அவள் தலித் இல்லையே! இந்த ஓட்டையை அடைக்கும் வாசகத்தை யார் எழுதப் போகிறார்கள்? உண்மையறியும் குழுவில் போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

"விலை போறியா" என்ற கேள்வியில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. மேசைக்குப் போனவர்கள் மேசையின் மொழியைப் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறோம். அதற்கு மருந்து, போகாமல் இருப்பதல்ல. தெருவை விட்டு அறுந்து போகாமல் இருப்பது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தில் கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. ஏப்ரல் 2 பாரத் பந்தில் பலர் உயிரைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான், அனுமதி தேவையில்லை என்ற 18ஏ பிரிவு வந்தது. தெரு இல்லாமல் அந்தப் பிரிவு இல்லை. ஆனால் தெருவின் கோபத்தை நீதிமன்றத்தில் நிற்கும் வாசகமாக மாற்ற எழுதத் தெரிந்த கையும் வேண்டும்.

எனவே தங்கையே, விண்ணப்பியுங்கள். பிரிவுகளை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். விடுதலைத் தீர்ப்புகளை உட்கார்ந்து படியுங்கள், எந்தச் சொல்லில் வழக்கு செத்தது என்று குறித்து வையுங்கள். நிபுணத்துவம் என்றால் அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பாபாசாகேப். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கியபோது, 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்து வெளியே வந்தவரும் அவர்தான். நாற்காலியில் உட்காரவும் அதிலிருந்து எழுந்து போகவும் தெரிந்தவர். நீங்களும் இரண்டையும் கற்றுக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.