கொடியும் கடலும்

சென்னிமலை கடலறியா ஊர். தறியொலி ஓயாத கைத்தறி நகரம். 1904ஆம் ஆண்டு அங்குப் பிறந்த குமரன், 1932இல் திருப்பூரில் கொடியைக் கைவிடாது தடியடிபட்டு உயிர் துறந்தார். அவருக்கு ஏழாண்டு இளையவர், செங்கற்பட்டிற் பிறந்த ராம் தாஸ் கட்டாரி. அவரோ 'டப்ரின்' பயிற்சிக் கப்பலின் முதல் மாணவர் குழுவிற் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் ஆட்சியின் கடற்படையிற் பணியாற்றினார்.

அந்நியர் கொடியின்கீழ்ப் பணிபுரிந்தவரைக் குமரனோடு சேர்த்து எண்ணலாமோ எனச் சிலர் வினவுவர். குமரனின் தியாகத்திற்கு ஈடில்லை, அதில் ஐயமில்லை. ஆயினும், விடுதலை பெற்ற நாட்டுக்குக் கடற்காவல் வேண்டுமன்றோ? விரைந்தோடி, நீர்மூழ்கிகளைத் தேடித் தாக்கி, வணிகக் கப்பல்களைக் காப்பது நாசகாரிக் கப்பல். அதனை நடத்தும் திறன் ஒரே நாளில் வருவதன்று. போரிலும் புயலிலும் பழகியே பெறத்தக்கது.

விடுதலைக்குப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆங்கிலேயரே நம் கடற்படைக்குத் தலைமை தாங்கினர். நாசகாரிக் கப்பற்பிரிவை நடத்தித் தேர்ந்த கட்டாரி, 1958 ஏப்ரல் 22இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். அந்நியரிடம் கற்ற கலை அன்று தாய்நாட்டின் உடைமையாயிற்று.

உயிர் கொடுத்துக் கொடியை உயர்த்துவது நாட்டுப்பற்று. உயர்ந்த கொடியைக் காக்கும் திறனைப் பொறுமையுடன் கற்பதும் நாட்டுப்பற்றே.