புல்லைக் காக்க மாட்டை விரட்டலாமா?

திருவொற்றியூர் டீக்கடையில் போன வாரம் ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். "மாடு தின்றால் புல் அழியும், மாட்டைத் தடுத்தால் புல் வளரும். இதிலே விவாதம் செய்ய என்ன இருக்கிறது?" என்றார். ஆலைத் தொழிலாளி, தகப்பனார் தேனிப் பக்கம் கிடைமாடு மேய்த்தவர். மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கே இப்படித் தோன்றுமானால் அதிகாரிகளைச் சொல்லிக் குற்றமில்லை.

ராஜஸ்தானத்துப் பரத்பூரைப் பாருங்கள். அங்கே கேவலாதேவ் என்று ஒரு சதுப்பு நிலம், சுமார் 29 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் மகாராஜாவின் வேட்டைக்காடு. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவும் விருந்தாளிகளும் ஒரே நாளில் சுட்டுத் தள்ளிய பறவைகள் 4,273. அன்றைக்குப் பறவைகளுக்கு ஆபத்து என்று யாரும் தடை போடவில்லை! சுற்றுக் கிராமத்து எருமைகளும் மாடுகளும் அங்கேதான் காலங்காலமாக மேய்ந்தன. தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, 1982 நவம்பரில், மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்து வந்த ஜனங்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் பலியாயின.

சரி, பறவைகளாவது வாழ்ந்தனவா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விஞ்ஞானிகள் வி. எஸ். விஜயன் தலைமையில் 1980 முதல் 1990 வரை அங்கே ஆராய்ந்தார்கள். ஆகவே தடைக்கு முன்னும் பின்னும் கணக்கு இருக்கிறது. எருமை போனதும் பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் மண்டித் தண்ணீரையே மூடியது. மற்ற நீர்ச்செடிகளும் கிழங்குகளும் நெருக்குண்டன. வாத்துகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. எருமையை அளவோடு மேயவிடலாம் என்பதே அவர்கள் சொன்ன யோசனை. பின்னர் நிர்வாகம் கிராமத்தாரையே புல் அறுக்க அனுமதித்தது. எருமை கூலி கேட்காமல் செய்த வேலை அது!

காரணம் எளிது. புல்லின் குருத்து தரையை ஒட்டி இருக்கிறது. நுனியைக் கடித்தாலும் மறுபடி தழைக்கும். மேய்ச்சல் அடியோடு நின்றால் நெட்டையான இரண்டொரு இனம் ஓங்கி வளர்ந்து வெயிலை மறைக்கும். அடியிலுள்ள சிறு பூண்டுகள் மடியும். காய்ந்த தாள் மெத்தைபோல் படிந்து கோடைத் தீக்கு இரையாகும்.

அதற்காக எத்தனை மாடு வேண்டுமானாலும் விடலாம் என்று நான் சொல்லவில்லை. வறண்ட தரிசில் ஓய்வில்லாமல் மேய்த்தால் மாடு தொடாத எருக்கும் முள்ளும்தான் மிஞ்சும். சீமைக்கருவேல நெற்றைத் தின்ற மாடு சாணத்தில் விதை பரப்புவதும் உண்மை. அங்கே சில வருஷம் ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும்.

நிலத்துக்கு நிலம் கதை வேறு. ஆனால் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடு முழுவதற்கும் தடை விதித்தது. பிறகுதான் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. பர்கூர் மாடும் தேனி மலைமாடும் காட்டை நம்பி வளர்ந்த இனங்கள். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலை உரிமை என்றே ஏற்கிறது.

தடை போடுமுன் சர்க்கார் ஒரு காரியம் செய்யட்டும். ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போடு. பக்கத்துத் துண்டில் மேயவிடு. நாலைந்து மழைக்காலம் பார்த்து, எந்தச் செடி வந்தது, எது போனது என்று எண்ணு. எண்ணும்போது மேய்ப்பவரையும் கூட வைத்துக்கொள். செடியின் பெயர் அவருக்குத் தெரியும்.