பெரிய கலிப்பர் பூட்டலாமா?

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிப் பேணுவோர் நம் நாட்டில் இன்றும் பலர் உளர். அவர்களுட் சிலர், தம் வண்டியின் பிரேக் கலிப்பரைக் கழற்றிவிட்டு, வேறு மாதிரி வண்டியொன்றின் பெரிய கலிப்பரைப் பூட்ட விரும்புகின்றனர். கலிப்பர் பெரிதானால் வண்டி விரைவில் நிற்கும் என்பது அவர்தம் எண்ணம். இது எவ்வளவுக்குச் சரியென்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கருவியே கலிப்பர். மிதியை அழுத்த, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் கலிப்பரின் முசலத்தைத் தள்ளுகின்றது. மாணவர் கற்கும் பஸ்காலின் விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது. முசலத்தின் விட்டம் 48 மில்லிமீற்றரிலிருந்து 54 ஆனால், பரப்பு நூற்றுக்கு 27 வீதம் கூடும். கவ்வும் விசையும் அவ்வாறே கூடும். ஆயின் அதைத் தள்ள வேண்டிய எண்ணெயும் அவ்வளவு கூடும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாயின், மிதி முன்னையிலும் ஆழமாக இறங்கும். முன்சக்கரங்கள் அளவுமீறிப் பிடிபட்டால், மழைவீதியில் அவை வழுக்கும். வண்டி சுக்கானுக்கு அடங்காது.

இங்கிலாந்தின் மினி வண்டி இதற்கு நல்ல பாடம். 1959இல் அது நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளுடன் வெளிவந்தது. 1961இல் மினி கூப்பருக்கு 7 அங்குலத் தட்டும், 1963இல் கூப்பர் எஸ் வண்டிக்கு 7.5 அங்குலத் தட்டும் முன்சக்கரங்களிற் பொருத்தப்பட்டன. 1984இல் சாதாரண மினிகளுக்கும் 8.4 அங்குலத் தட்டு வழங்கப்பட்டபோது, சக்கரமும் 10 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாயிற்று. அப்பெருந்தட்டும் அதன் கலிப்பரும் பழைய 10 அங்குலச் சக்கரத்தினுள் அடங்கா. ஓர் உறுப்பை மாற்றுவோர், அதனோடு உறவுடைய உறுப்புகள் யாவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெரிய பிரேக்கின் மெய்யான பயன் வெப்பத்தைத் தாங்குவதிலேயே உள்ளது. அவ்வெப்பத்தைப் பெரிதும் ஏற்பது தட்டே. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு வரும் வண்டி ஏறத்தாழ 1,300 மீற்றர் கீழிறங்குகின்றது. அதனால் வெளிப்படும் சக்தி, மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அவ்வண்டியை அறுபது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமமாகும். அச்சுமை முழுவதையும் பிரேக்கின்மீது ஏற்றினால், எண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதி வெறுமையாய்த் தாழ்ந்துவிடும். எத்துணைப் பெரிய கலிப்பரும் அப்போது பயன் தராது. தாழ்ந்த கியரில் இறங்குவோருக்கு எஞ்சினே பெரும் பங்கைச் சுமந்துகொடுக்கும்.

ஆகவே வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான். பிரேக் எண்ணெய் நாட்பட ஈரத்தை உறிஞ்சி, எளிதிற் கொதிக்கும் தன்மை அடையும். அதனைக் காலந்தவறாது மாற்றுங்கள். தேய்ந்த தட்டையும் வெடித்த றப்பர்க் குழாயையும் உடனே நீக்குங்கள். இவற்றையெல்லாம் செய்தபின்னும் பெரிய கலிப்பர் வேண்டுமெனத் தோன்றினால், தொழிலறிந்தவரைக் கொண்டு பூட்டுவித்து, ஆளரவமற்ற சமநிலத்திற் பலமுறை சோதித்துப் பாருங்கள். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவது அதன் பின்னரே தகும்.