கரடிக்கென்று ஓர் ஆய்விதழ்

கரடி என்னும் ஒரே விலங்கினத்துக்காக ஓர் அறிவியல் ஏடு வெளிவருகிறது என்றால் நம் வீடுகளில் நகைப்பார்கள். ‘உர்சஸ்’ என்பது அதன் பெயர். இலத்தீன் மொழியில் கரடி என்று பொருள். 1968இல் கனடாவின் வொயிட்ஹார்ஸ் நகரில் ஆய்வாளர் சிலர் கூடினர். அன்று தொடங்கிய மாநாடுகளின் கட்டுரைத் தொகுப்பே 1998இல் இப்பெயரை ஏற்றது. பனிக்கரடி முதல் பாண்டா வரை எட்டு வகைக் கரடிகளும் அதன் ஆய்வுப் பொருள்.

அதில் கட்டுரை இடம்பெறுவது எளிதன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் நம் இமாம்கள் துருவி ஆராய்ந்ததை மதரஸாவில் பயின்றோர் அறிவர். அதுபோலவே, இந்தக் காட்டில் இத்தனை கரடிகள் என்று எழுதினால், ‘எவ்வாறு எண்ணினீர்?’ என்று துறையறிந்தோர் வினவுவர்.

எண்ணும் முறையோ வியப்பானது. மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவே வாசனைப் பொருளை வைக்கின்றனர். மோப்பம் பிடித்து நுழையும் கரடியின் ரோமம் கம்பியில் சிக்குகிறது, கரடிக்கு ஊறில்லை. ரோமவேரின் மரபணுவைக் கொண்டு அது ஆணா, பெண்ணா, முன்பு வந்ததேதானா என்று அறிகின்றனர். மீண்டும் மீண்டும் வருபவற்றின் விகிதத்தைக் கொண்டு, வராதவற்றையும் கணக்கிடுகின்றனர்.

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல், பருகாமல், சிறுநீரும் கழிக்காமல் குகையில் கிடக்கும் கரடியின் எலும்பு நலிவதில்லையாம். சுப்ஹானல்லாஹ்! நாம் சில வாரம் படுக்கையில் கிடந்தாலே நடை தள்ளாடுகிறது.

இத்தகைய ஆர்வம் நமக்குப் புதிதன்று. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஃபிக்ஹு அறிஞர் அத்தமீரி, விலங்குகளை அகரவரிசையில் தொகுத்துப் பெருநூலே இயற்றினார். கரடிக்கும் அதில் இடமுண்டு.

கரடியைப் பற்றிப் பேசுகையில் நம்மவரை மறைத்தல் நேர்மையாகாது. வடநாட்டுத் தெருக்களில் கரடியாட்டிப் பிழைத்த கலந்தர்கள் முஸ்லிம்களே. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, மூக்கைத் துளைத்துக் கயிறிட்டு, பற்களைப் பிடுங்கினர். கொடுமைதான், ஆயினும் வறுமையே அவர்களை அத்தொழிலில் கட்டிப்போட்டிருந்தது. கரடிகளை மீட்ட வனவிலங்கு ஆர்வலர்களே கலந்தர்களுக்கு மாற்றுத் தொழிலும், பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பும் கிடைக்க உதவினர். அதற்கு நம் ஜமாஅத்துகள் முந்தியிருக்க வேண்டாமா?

மீட்கப்பட்டவற்றில் பல ஆக்ரா அருகேயுள்ள காப்பகத்தில் வைக்கப்பட்டன. பல்லிழந்த கரடி காட்டுக்குத் திரும்பிப் பிழைக்க இயலாது. அவற்றுக்கு அங்கே கஞ்சி காய்ச்சி ஊற்றுகின்றனர்.