யாருடைய 2000 கலோரி?



ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. மொத்தம் 17 நெறிகள். கடைசி நெறி, உணவுப் பொட்டலத்தில் இருக்கும் விவரத்தைப் படித்துப் பார்த்து நல்ல உணவைத் தேர்ந்தெடுங்கள் என்கிறது.

நல்லது, படிப்போம். ஆனால் படிப்பதென்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பது மட்டுமல்ல. அதை எழுதியவர் யார், யாரை மனதில் வைத்து எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதிச் சான்றிதழையும் கூலிக் கணக்கையும் அப்படித்தான் படித்து வந்திருக்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் ஏன் வேறு மாதிரிப் படிக்க வேண்டும்?

அந்தச் சராசரி மனிதர் யார்?

பொட்டலத்தின் பின்பக்கக் கட்டத்தில் ஒரு விழுக்காட்டுக் கணக்கு இருக்கும். ஒருமுறை உண்ணும் அளவில் ஒரு நாள் தேவையில் எத்தனை விழுக்காடு கிடைக்கிறது என்று அது சொல்லும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் இதற்கு அடிப்படையாக வைத்திருப்பது ஒரு சராசரிப் பெரியவரின் ஒரு நாள் கணக்கு: 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம்.

அதே 2020-இல் ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட தேவை அளவுகளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1660 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2130, கடும் உழைப்புக்கு 2720. ஆணுக்கு முறையே 2110, 2710, 3470. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு 1360.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பொட்டலத்தில் 200 கலோரி இருக்கிறது. அட்டை அதை 10 விழுக்காடு என்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமக்கும் பெண்ணுக்கு அது 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் வரும். அதையே அவருடைய ஐந்து வயது மகள் தின்றால் கிட்டத்தட்ட 15 விழுக்காடு. தாய்க்குக் கூட்டிச் சொல்லி, குழந்தைக்குக் குறைத்துச் சொல்லும் கணக்கு இது. சிறுதீனிப் பொட்டலங்களை அதிகம் தின்பது குழந்தைகள்தானே? அவர்களுக்கு ஏன் தனிக் கணக்கு இல்லை?

'சராசரி என்று ஒன்று வைக்காமல் அட்டை அச்சிட முடியுமா?' என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் சராசரி வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். 2000 கலோரி என்பது வயலில் குனிந்து நாற்று நடுகிறவரின் அளவும் அல்ல, விடிவதற்கு முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் அளவும் அல்ல. உடல் உழைப்பை நம்பிப் பிழைக்கும் மக்களுக்கு அந்த அட்டையில் இடம் வைக்கவில்லை.

மொழியும் இல்லை, அட்டையும் இல்லை

சட்டப்படி அட்டை விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகளைச் சேர்க்கலாம், கட்டாயமில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்து, 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த மாவட்டம் இது. இங்கே விற்கும் மிட்டாயில் என்ன கலந்திருக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டிய கடமை எந்தக் கம்பெனிக்கும் இல்லை.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாத சிறு பொட்டலங்களில் சேர்மானப் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் போட வேண்டியதில்லை. மொத்தமாக வரும் பெரிய உறையில் இருந்தால் போதும். அந்தப் பெரிய உறையைப் பார்ப்பவர் கடைக்காரர். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கொடுத்துச் சின்ன உறையைப் பிரிப்பது நம் காலனிப் பிள்ளைகள். சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாக்கெட் வாங்குகிறவருக்குத் தகவல், சில்லறைக் காசுக்கு வாங்குகிறவருக்கு அதுவும் கிடையாது.

தோவாளை வட்டத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளைகளிடம், அன்று தின்ற பொட்டலங்களைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு பாத்திரம் நிறைந்துவிட்டது. பிரித்து அடுக்கினோம். சர்க்கரை எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை மறுபக்கம். முடியாதவைதான் உயரமாக நின்றன. ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி கேட்டாள்: "எழுதாம விட்டா தப்பில்லையா அக்கா?" சட்டப்படி தப்பில்லை என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பச்சைப் புள்ளி

ஆனால் ஒரு விவரத்தை மட்டும் இந்த நாட்டில் எல்லோருக்கும் புரியும்படி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி அச்சிட்டிருக்கிறார்கள். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குறி கட்டாயம்.

சர்க்கரை கூடுதல், உப்பு கூடுதல் என்று எச்சரிக்க ஒரு குறி போடச் சொன்னால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார்கள். சிலி நாடு 2016-இலேயே கறுப்பு எண்கோண முத்திரையைப் பொட்டலத்தின் முகத்தில் குத்திவிட்டது. நம் ஆணையம் 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு கொண்டுவந்தது. சர்க்கரைக்காக மதிப்பெண் குறையும், கொஞ்சம் பருப்போ நார்ச்சத்தோ சேர்த்தால் கூடும். குற்றவாளிக்கே நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு அது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, முன்பக்க அட்டை குறித்து மூன்று மாதத்தில் பரிந்துரை கேட்டது.

உடலுக்குக் கேடா என்ற கேள்விக்குக் குறி இல்லை. தீட்டா என்ற கேள்விக்குக் குறி உண்டு. என்ன தின்கிறோம் என்று அறிய எவருக்கும் உரிமை உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. எந்த உரிமைக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கிறோம். தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்ணும் பழக்கத்தோடு சேர்த்து அண்ணல் அம்பேத்கர் 'தீண்டப்படாதவர்கள்' நூலை எழுதியது 1948-இல். அந்த வேர் இன்னும் பட்டுப் போகவில்லை.

2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் மறித்தார்களே, அந்தச் சோற்றில் எத்தனை கலோரி என்றா கேட்டார்கள்?

அளவு வைத்தவர்கள்

உணவுக்கு அளவு வைப்பது இந்த மண்ணில் புதிதல்ல. 1877 பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது உயிர் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அரசுக்குச் செலவு குறைய வேண்டும், ஆகவே ஏழையின் வயிறும் குறைய வேண்டும். அந்தக் காலத்து 'தர அளவு' இதுதான்.

நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே அரசுச் செலவில் பிராமணர்களுக்கு இலவசச் சோறு போட ஊட்டுப்புரைகள் இருந்தன. அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்த புலையரும் பறையரும் 1855 வரை சட்டப்படி அடிமைகள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெருமை பேசுவோர், களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருந்தது என்று பேசுவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1979-இல் கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 கலோரி என்று வைத்து வறுமைக்கோடு வரைந்தார்கள். கிராமத்தில் 26 ரூபாயும் நகரத்தில் 32 ரூபாயும் ஒரு நாளைக்குப் போதும் என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2011-இல். கோட்டை நகர்த்தி நகர்த்தி ஏழைகளைக் குறைத்தார்கள், வறுமையைக் குறைக்கவில்லை.

தட்டும் ரேஷன் பையும்

2024 வழிகாட்டி நெறி, 2000 கலோரிக்கு ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டுகிறது. தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பும் முட்டையும் இறைச்சியும் சேர்த்து 85 கிராம், பால் 300 மில்லி. அருமையான தட்டு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 85 கிராம் கணக்கில் மாதம் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். ரேஷன் கடையில் அட்டைக்குக் கிடைக்கும் துவரம் பருப்பு ஒரு கிலோ. அரிசி இலவசமாக வருகிறது, மிச்சத்துக்குக் கூலியில் இருந்துதான் எடுக்க வேண்டும். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை.

பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்கிறது அதே நிறுவனம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அரசின் பதில், செறிவூட்டிய அரிசி. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்க வேண்டும் என்பது விதி. சாக்கில் அச்சிட்டிருப்பார்கள். நம் பையில் விழுவது அளந்து கொட்டிய அரிசி, அட்டை கிடையாது.

இரும்பை உடல் எளிதாக ஏற்பது இறைச்சியில் இருந்துதான் என்று அறிவியல் சொல்கிறது. ஈரலும் ரத்தப் பொரியலும் மாட்டுக்கறியும் நம் வீடுகளில் இருந்த உணவு. அதை அசிங்கம் என்று சொல்லி நம் பிள்ளைகளைப் பள்ளியில் டிபன் பாக்ஸை மூடி வைத்துத் தின்ன வைத்துவிட்டு, இரும்பைப் பொடியாக்கி அரிசியில் கலந்து தருகிறார்கள்.

இதைச் சொன்னவுடனே சிலர் 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள்' என்று கிளம்பிவிடுவார்கள். யாருடைய பாரம்பரியம்? மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் இன்று ஓட்டலில் விலை உயர்ந்த தட்டு. 1942-க்குப் பின் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகள் மரச்சீனியைத் தின்றது ருசிக்காக அல்ல, சோறு இல்லாமல். பசியை மரபு என்று பெயர் மாற்றிக் கொண்டாட நாம் தயாரில்லை.

எண்களைக் கையில் எடுப்போம்

அதனால் அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. எண்களை ஆள்வோர் நம்மை அளக்கப் பயன்படுத்தினார்கள், இனி நாம் அவர்களை அளக்கப் பயன்படுத்துவோம்.

முதலில் படிக்கப் பழகுங்கள், படித்ததைக் காலனியில் சொல்லிக் கொடுங்கள். 'ஒருமுறை உண்ணும் அளவு' என்ற எண்ணை நம்பாதீர்கள், 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் அதிகமாக உள்ளதுதான் முதலில் வரும். முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராம்தான் வரம்பு.

அடுத்து, சட்டத்தைப் படியுங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 2013-இல் சட்டம் நிறைவேறியபோது சொன்னது: தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு மதிய உணவில் 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைப் பள்ளிக்கு 700 கலோரி, 20 கிராம். அங்கன்வாடியில் மூன்று முதல் ஆறு வயதுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கர்ப்பிணிக்கு 600 கலோரி. இது தர்மம் அல்ல, சட்டம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதாவது தொடக்கப்பள்ளிக் குழந்தையின் பங்கில் பாதி. ஆகவே, முட்டை வராத நாளில் பள்ளியிலும் கிராம சபையிலும் எழுந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆனது அரசியலால்தான். முட்டையே கூடாது என்று அங்கன்வாடிக் குழந்தையின் தட்டில் கை வைத்த மாநிலங்கள் இருக்கும் நாடு இது.

நம் கோரிக்கைகள் எளியவை. அட்டை விவரம் தமிழில் கட்டாயம். சின்னப் பொட்டலத்துக்கு விலக்கு ரத்து. நட்சத்திரம் வேண்டாம், முன்பக்கம் எச்சரிக்கை முத்திரை வேண்டும். குழந்தைகள் தின்னும் பண்டத்துக்குக் குழந்தையின் கணக்கு. ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்டு, முட்டையைச் சேர். ரேஷன் கடை வாசலில் அரிசியின் தர விவரத்தைத் தமிழில் எழுதி ஒட்டு.

எதைத் தின்ன வேண்டும் என்று நமக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதைத் தின்ன விடவில்லை என்பதற்குக் கணக்குக் கேட்க நாம்தான் இருக்கிறோம். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இரண்டாம் அட்டவணையின் நகலோடு போங்கள்.