நாலு சைக்கிள், ஒரே கடிகாரம்

நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றின் ஏடிஎம் வாசலில் நான்கு சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. தலையில் ஹெல்மெட், மார்பில் வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி, நடந்தால் டக் டக்கென்று ஒலிக்கும் ஷூ. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த காவலாளி பதறி எழுகிறார். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் வருகிறார்கள். யாருமே பணம் எடுக்கவில்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள், மெஷின் துப்பும் துண்டுச் சீட்டை மழைக்காகிதப் பைக்குள் பத்திரப்படுத்துகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள்.

அந்தச் சீட்டில் இடமும் நேரமும் அச்சாகியிருக்கும். இன்னார் இத்தனை மணிக்கு இந்த ஊரைக் கடந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. இவர்கள் ஓட்டுவது ‘பிரெவே’. பிரெஞ்சில் சான்றிதழைக் குறிக்கும் சொல். புறப்படும்போது கையில் ஓர் அட்டை தருவார்கள். வழியில் குறித்த சாவடிகளில் முத்திரை வாங்க வேண்டும். ஆளில்லாத சாவடி என்றால் ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது, எதுவும் கிடைக்காவிட்டால் செல்போனில் ஒரு படம். 200 கி.மீ. தூரத்துக்கு 13½ மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம் கெடு. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் ‘சூப்பர் ரேண்டனர்’. சென்னை, கோவை உட்பட நாட்டின் பல ஊர்களில் இதற்கென்று குழுக்கள் இருக்கின்றன. முடித்தவர்களின் பட்டியல் பாரிஸுக்குப் போய், ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பழைய சங்கத்தின் பதிவேட்டில் ஏறும்.

விதிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கடிகாரம் நிற்காது. தூங்கினாலும், டியூப் மாற்றினாலும், இட்லிக்குக் காத்திருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, முதலிடம் கிடையாது. 200 கி.மீ. தூரத்தை எட்டு மணி நேரத்தில் முடித்தவரும் 13 மணி 29 நிமிடத்தில் முடித்தவரும் ஒன்றுதான். அளவுக்கு மீறி வேகமாக வந்தாலும் பயனில்லை. 200-இன் கடைசிச் சாவடி 5 மணி 53 நிமிடத்துக்கு முன் திறக்காது.

பின்தங்கியவருக்காகக் காத்திருப்பது தோல்வியாகாத விளையாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரெவே அவற்றில் ஒன்று. அந்த அருமையை, இதை விரும்பி ஓட்ட வருகிறவர்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவ விடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

சேர்ந்து போவதா, தனித்தனியே போவதா என்ற வழக்கு இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1897-இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்குப் பகல் வெளிச்சத்துக்குள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார்கள். துணிச்சல்காரர் என்ற பொருளில் ‘ஆடாக்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சுதான் அடுத்த ஆண்டு இதை பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார். அவர் முறையில் குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் வைத்த வேகத்தில்தான் எல்லோரும் போக வேண்டும். யாரும் அவரை முந்தக் கூடாது. பின்னர் தெகிராஞ்சுக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியனுக்கும் பிணக்கு ஏற்பட்டது. 1921-இல் அந்தச் சங்கம் தனி வழி கண்டது: அவரவர் வேகம் அவரவருக்கு, கெடுவுக்குள் வந்தால் போதும். இன்று நம் ஊரில் நடப்பது அந்த இரண்டாவது வகை. இதில் சேர்ந்து போகும்படி கட்டளையிட யாரும் இல்லை. சேர்ந்து போகிறவர்கள் தாமாக விரும்பித்தான் போகிறார்கள்.

இந்த வகையின் உச்சம், நான்கு ஆண்டுக்கொருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். சுமார் 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். 1891-இல் அது பந்தயமாகத்தான் தொடங்கியது. சார்ல் தெரோன் உறங்காமல் ஓட்டி 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். தொழில்முறை வீரர்களின் பந்தயம் 1951-உடன் நின்றுபோனது. சாதாரண மனிதர்களின் பயணம் மட்டும் தொடர்கிறது. வழிநெடுக பிரித்தானிப் பகுதி மக்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, தண்ணீரும் காப்பியும் கொடுத்து, யார் பெற்ற பிள்ளையோ என்று பாராமல் கைதட்டி அனுப்புகிறார்கள். வில்லேன்-லா-ஜுயெல் என்ற சிறு ஊரில் களைத்து வருகிறவர்களின் சாப்பாட்டுத் தட்டைக் குழந்தைகள் வாங்கித் தூக்கிக்கொண்டு மேசைவரை வருவார்கள். சக்கர வடிவில் ‘பாரிஸ்-பிரெஸ்ட்’ என்று ஒரு இனிப்பே இருக்கிறது. பந்தயத்தின் நினைவாக 1910-இல் லூயி துரான் என்ற பேக்கரிக்காரர் செய்தது. இந்தப் பயணம் கடைசியாக 2023-இல் நடந்தது, அடுத்தது 2027-இல். இந்தியாவிலிருந்தும் பலர் இதற்குப் போய் வருகிறார்கள். அது நடக்கும் ஆண்டிலேயே 200 முதல் 600 வரையான பிரெவேக்களை முடித்திருந்தால்தான் அங்கே இடம்.

நட்புக்கு இங்கே என்ன வேலை என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 600 கி.மீ. தூரத்தை மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 27 மணி 16 நிமிடம் ஆகும். கெடு 40 மணி. மீதி 12 மணி 44 நிமிடம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர், எதிர்க்காற்று, வயிற்றுக்கோளாறு, ஒருவருக்காக மற்றவர் நிற்பது எல்லாம் இந்தக் கையிருப்பிலிருந்துதான் செலவாக வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் பஞ்சரும் நாலு மடங்கு. ஆனால் கையிருப்பு நாலு மடங்கு ஆகாது.

பதிலுக்குக் கிடைப்பதும் கொஞ்சமல்ல. சமதரையில் சைக்கிளைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்றுதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டால் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு வரை மிச்சம். கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே போகிறவர் தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் வாங்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக முன்னால் மாறி மாறிப் போனால் தாங்கலாம். தனியாளுக்கு அது தண்டனை.

இரவில் லாபம் இன்னும் கூடுதல். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். சைக்கிள் மெல்ல வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடுச்சாலைப் பக்கம் சாயும். பின்னால் வருகிறவர்தான் அதைப் பார்க்க முடியும். “மச்சி, கோடு!” என்ற ஒரு குரல் அந்த நேரத்தில் எந்த விளக்கையும்விடப் பெரிய காவல். அடுத்த பஸ் நிழற்குடையில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுக்கலாம். ஒருவர் முழித்திருந்தால் போதும். மற்றவர்கள் சைக்கிள் காணாமல் போகும் என்ற கவலையின்றி உறங்கலாம்.

ஆனால், நண்பர் கூட்டங்கள் கெடுவைத் தவறவிடுவது பெரும்பாலும் சாலையில் இல்லை, டீக்கடையில். ஒருவர் டீ குடித்து முடிக்கும்போது அடுத்தவருக்குப் பஜ்ஜி ஞாபகம் வரும். அவர் கை கழுவும்போது மூன்றாமவர் செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருப்பார். நான்காமவரைக் காணோம் என்று தேடினால் கடைக்குப் பின்னால் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் என்று இறங்கிய இடத்தில் நாற்பது நிமிடம் கரைந்திருக்கும். மேட்டில் மூச்சிரைக்க மிதித்து மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போகும். வேகத்தில் சமமானவர்களாகப் பார்த்துக் கூட்டுச் சேருகிறவர்கள், நிற்பதில் சமமானவர்களா என்று பார்ப்பதில்லை.

ஆகவே பழகியவர்கள் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்கிறார்கள். பஞ்சருக்கு எல்லோரும் நிற்க வேண்டும். களைப்பு என்றால் அடுத்த சாவடிவரை வேகத்தைக் குறைத்துக் கூட்டிப் போக வேண்டும். இருட்டில் யாரையும் தனியே விட்டுப் போகக் கூடாது. பகலில், சாவடியில், சாப்பாடும் பஸ்ஸும் கிடைக்கும் இடத்தில், “நீங்க போங்கடா, நான் பார்த்துக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் போகலாம்; அதில் மனத்தாங்கல் கூடாது. ஒருவருக்காக நாலு பேரும் கெடுவைத் தவறவிட்டால் அந்த ஒருவருக்கே அது சுமை. அடுத்த முறை அவர் வரவே தயங்குவார்.

இந்த ஏற்பாடு இப்போது ஆட்டம் காண்கிறது. 600-ஐ எத்தனை மணிக்குள் முடித்தாய் என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. செல்போன் செயலியில் சராசரி வேகத்தைப் பதிந்து மாலை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சாவடிக்கு வெளியே துணை வாகனம் உதவக் கூடாது என்பது விதி. அதையும் வளைத்து, காரில் இளநீரும் மாற்றுச் சக்கரமும் கூடவே வரவைக்கிறவர்கள் உண்டு. மூட்டையை வாகனம் சுமக்க, குழுவாக மலை ஏறுகிற ஆசை தவறில்லை. அதற்கு 2008 முதல் நடக்கும் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ போன்ற பயணங்கள் இருக்கின்றன. கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை அங்கே துணையோடு ஏறலாம். வேகம் காட்ட விரும்புகிறவர்களுக்குப் பந்தயங்களும் இருக்கின்றன. பிரெவேயை மட்டுமாவது விட்டுவைக்கலாம். நடத்துகிறவர்கள் முடிவுகளை அறிவிக்கும்போது நேரத்தை முன்னிறுத்தாமல் பெயரை மட்டும் அறிவித்தாலே பாதி நோய் தீரும்.

மறுபாதி சாலையில் இருக்கிறது. சேர்ந்து ஓட்ட, முதலில் ஓட்ட இடம் வேண்டும். பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனத்துக்கும் மோட்டார் இல்லாத வண்டிக்கும் அனுமதி இல்லை. கார்கள் நூறில் பறக்கும் சாலையில் அது நியாயமே. அப்படியானால் பக்கச் சாலையாவது அறுபடாமல் போக வேண்டும். பல நெடுஞ்சாலைகளில் அது பாலத்துக்குப் பாலம் முடிந்து, கண்ணாடிச் சில்லும் எதிர்த்திசை பைக்குகளும் நிறைந்த ஓரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்கள் சிலர்தான். விடிகாலையில் பால் கேனோடும், ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடும் அதே ஓரத்தில் தினமும் மிதிக்கிறவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு.

40 மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கையில் அந்த நாலு பேரும் முடிவுச் சாவடிக்கு வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்னத்தில் உப்புப் படிந்திருக்கும், பேச்சு குழறும். தன்னார்வலர் நாலு அட்டையிலும் ஒரே நேரத்தை எழுதுவார். மழைக்காகிதப் பையிலிருந்து ஏடிஎம் சீட்டுகள் வெளியே வரும். அதில் ஒருவர் மட்டும், இருப்புத் தொகை தெரியாதபடி சீட்டின் அடிப்பகுதியை மடித்து நீட்டுவார். பக்கத்தில் நிற்பவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.