மணக்காத நாளில் பயமில்லையா?

போன கிழமை தரம் 10 இல் வளி மாசடைதல் பாடம். சபுகஸ்கந்தப் பக்கம் மாமி வீடு இருக்கிற பிள்ளையொன்று எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், அங்க போனா சில நாள் எண்ணெய் மணக்கும், சில நாள் மணக்காது. மணக்காத நாள்ல பயமில்லையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கந்தகவீரொட்சைட்டு, அமில மழை என்று குறிப்பில் இருந்ததை எழுதிப்போட்டு மணியடிக்கும் வரை சமாளித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் கெட்ட முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு. அது துளியளவு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பென்சீன் அப்படியல்ல. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட வாயு அது. கவலைப்பட வேண்டிய அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு கூடினால்தான் மூக்குக்கே தெரியும். ஆகவே அந்தப் பிள்ளைக்கான பதில்: மணக்காத நாளில் என்ன இருக்கிறது என்பதை மூக்கால் சொல்ல முடியாது, அளக்க வேண்டும்.

எங்கே அளப்பது? நாம் எல்லோரும் புகைபோக்கியைத்தான் பார்க்கிறோம். ஆனால் பென்சீனில் பெரும் பங்கு தாங்கிகளின் மூடி, வால்வு, குழாய் மூட்டு, கழிவுநீர்த் தொட்டி என்று நிலத்தோடு ஒட்டிய இடங்களிலிருந்து சத்தமில்லாமல் கசிகிறது. புகைபோக்கியில் கருவி பூட்டினால் அது அகப்படாது. நகரத்தின் நடுவில் ஒரு நிலையம் வைத்து சராசரி எடுத்தாலும் அகப்படாது. வேலியில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதை முதலில் கேட்டவர்கள் வேலிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நோர்கோ என்று ஓர் ஊர். ஊரின் பெயரே ஒரு சுத்திகரிப்புக் கம்பனியின் பெயர்ச் சுருக்கம். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த நான்கு தெருக்களுக்கு ஒரு பக்கம் ஷெல் இரசாயன ஆலை, மறுபக்கம் சுத்திகரிப்பு நிலையம். மார்ஜி ரிச்சர்டின் வீட்டுக்கும் ஆலை வேலிக்கும் இடையே 25 அடிதான். அவரும் ஓர் ஆசிரியை (வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்). பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்து, காற்றை அதில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் மலிவான முறையை அந்த மக்கள் கையில் எடுத்தார்கள். 2002 இல் அவர்களை வேறிடத்தில் குடியமர்த்தப் பணம் தருவதற்குக் கம்பனி சம்மதித்தது. 2004 இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது.

பிறகு வேறு ஊர்களின் மக்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2015 இல் அங்கே சட்டமே வந்தது. 2018 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் தன் வேலியைச் சுற்றி விரல் அளவு குழாய்களைத் தொங்கவிட வேண்டும். உள்ளே வாயுவை உறிஞ்சும் பொருள். மின்சாரம் வேண்டாம், பம்பி வேண்டாம். 14 நாளைக்கு ஒருமுறை கழற்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். ஆகக் கூடிய அளவிலிருந்து ஆகக் குறைந்ததைக் கழித்தால் அந்த நிலையத்தின் பங்கு ஓரளவு தெரியும். அதன் வருடச் சராசரி கனமீற்றருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணத்தைத் தேடித் திருத்த வேண்டும். கணக்கை எவரும் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்ததில்தான் 2019 இல் 10 நிலையங்கள் 9 ஐத் தாண்டியிருந்தது வெளியே வந்தது. பிலடெல்பியா நிலையத்தில் அது 49.

குறையில்லாத சட்டமல்ல. தாண்டினால் உடனே தண்டம் கிடையாது. இரண்டு கிழமைச் சராசரியில் ஓர் இரவுக் கசிவு கரைந்துவிடும். அந்த 9 என்பதே தாராளம் என்பது என் எண்ணம், இந்தியாவின் வருட எல்லை 5. ஆனாலும் எண் என்று ஒன்று இருக்கிறது. எண் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். சபுகஸ்கந்த நிலையம் 1969 இலிருந்து ஓடுகிறது, இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய். 2008 இல் திருத்தப்பட்ட எங்கள் வளித் தர ஒழுங்குவிதிகளில் தூசு, கந்தகவீரொட்சைட்டு, ஓசோன் எல்லாம் இருக்கின்றன, பென்சீன் இல்லை. இப்போது அம்பாந்தோட்டையில் நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் கொள்ளளவில் இன்னொன்று கட்ட 2025 ஜனவரியில் சினோபெக்குடன் ஒப்பந்தமாகியிருக்கிறது, 3.7 பில்லியன் டொலர். நான் அதற்கு எதிரானவள் அல்ல. டீசல் வரிசையில் நின்ற எவரும் அப்படி லேசாக எதிர்க்க மாட்டார்கள். ஆனால் வேலிக் குழாயை நிபந்தனையாக எழுத வேண்டியது இப்போது. கட்ட முன்னரே அந்தக் காற்றை ஒரு வருடம் அளந்து வைக்கவும் வேண்டும். கட்டிய பிறகு, "முன்னமே இப்படித்தான் இருந்தது" என்று யாராவது சொன்னால் மறுக்க எங்கள் கையில் என்ன இருக்கும்?

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் அறிவித்தல் கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள். பென்சீன் என்ற சொல் அதில் எத்தனை தரம் வருகிறது என்று என் தரம் 10 பிள்ளைகளை எண்ணச் சொல்லப்போகிறேன்.